சிறைக்குள் ஒரு பள்ளி

'நாய் வாலை நிமிர்த்த முடியுமா?' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. பிறவிக் குணத்தை மாற்ற இயலாது என்பது அதன் கருத்து. 'அடியாத மாடு படியாது' என்பது மற்றொரு பழமொழி. முன்னது நம்பிக்கை இழந்தோர் கூற்று. பின்னது பொறுமை இழந்தோர் கூற்று. இவ்விரண்டு பழமொழிகளையும் ஒருங்கே சோதித்துப் பார்த்த முயற்சி ஒன்றைப் பற்றி மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சிறைக்கைதிகள், ஆதரவற்ற நாய்களைப் பழக்கி, நல்ல இல்லங்களுக்கு வளர்ப்புப் பிராணிகளாக அனுப்பி வருகின்றனர். அம்முயற்சியின் வரலாற்றையும், அது நடைபெறும் முறையையும், அதனால் நாம் அறியத்தக்கது யாது என்பதையும் காண்போம்.

முதலில் நாய்களின் நிலையைப் பார்ப்போம். அந்நாட்டில் தெருவில் திரியும் நாய்களும், வளர்த்தவர்களால் கைவிடப்பட்ட நாய்களும் காப்பகங்களில் சேர்க்கப்படுகின்றன. உரியவர் தேடி வராமலும், வேறு எவரும் வளர்க்க முன்வராமலும், காப்பகத்தில் இடமும் போதாமலும் போனால், அந்நாய்கள் ஊசி மருந்தால் கொல்லப்படுவது வழக்கம். 1970-களில் இவ்வாறு ஆண்டுதோறும் கொல்லப்பட்ட நாய்களும் பூனைகளும் ஒரு கோடிக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகின்றனர். கருத்தடை அறுவையாலும் பிற முயற்சிகளாலும் அத்தொகை பின்னர் வெகுவாகக் குறைந்தது. எனினும் அது முற்றும் நின்றுவிடவில்லை.

இந்நாய்களை ஏன் எவரும் விரும்புவதில்லை? அவை கொடியவை என்பதாலா? பெரும்பாலும் அன்று. வருவோர் மீது தாவுகின்றன. கயிற்றைப் பிடித்து இழுக்கின்றன. வீட்டிற்குள் அசுத்தம் செய்கின்றன. அல்லது மனிதரைக் கண்டாலே மூலையில் பதுங்கி நடுங்குகின்றன. இவையெல்லாம் சில வார காலத்தில் திருத்தக்கூடிய குறைகளே. ஆனால் திருத்துவதற்கு ஒருவர் நாள்தோறும் பல மணி நேரம் உடனிருக்க வேண்டும். காப்பக ஊழியர்க்கு அந்நேரம் கிடைப்பதில்லை. நேரமின்மை ஒன்றினாலேயே பல உயிர்கள் மடிந்தன.

இனிச் சிறையின் நிலையை நோக்குவோம். அமெரிக்கச் சிறைகளில் ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் அடைபட்டிருக்கின்றனர். அங்கே எழுவதும், உண்பதும், உறங்குவதும் மணியடித்தபடி நடைபெறுகின்றன. கைதி எதையும் தானே முடிவு செய்ய வேண்டியதில்லை. அவனை நம்பி வாழும் உயிர் ஒன்றும் அச்சுவர்களுக்குள் இல்லை. பத்தாண்டுகள் இவ்வாறு வாழ்ந்தவன் ஒரு நாள் வெளியே அனுப்பப்பட்டு, 'இனிப் பொறுப்புடன் நடந்துகொள்' என்று பணிக்கப்படுகிறான். பொறுப்பைப் பழகுவதற்கு அவனுக்கு வாய்ப்பு எங்கே இருந்தது? ஓரிடத்தில் நேரம் இல்லை. மற்றோரிடத்தில் நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க ஒருவர்க்குத் தோன்றியது.

அவர் சகோதரி பாலின் குவின் என்னும் கிறித்தவத் துறவி. இளமையில் வீட்டில் துன்புற்று, ஓடிப்போய், விடுதிகளிலும் மனநோய் நிலையங்களிலும் அடைபட்டு, தெருக்களில் தங்கி வாழ்ந்தவர். மனிதரை நம்புவதற்கு அஞ்சிய அவருக்கு ஜோனி என்னும் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் துணையாகக் கிடைத்தது. அந்நாய் உடன் நடந்தபோது தம்மைப் பிறர் மதிப்புடன் பார்த்ததையும், தாமே தலைநிமிர்ந்து நடந்ததையும் அவர் உணர்ந்தார். தமக்குக் கிடைத்த இத்துணை சிறையில் வாடும் பெண்களுக்கும் கிடைத்தால் என்ன என்று எண்ணினார்.

எண்ணம் செயலாவதற்குக் கற்றறிந்தோர் துணை வேண்டுமன்றோ? வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்த டாக்டர் லியோ பஸ்டாட் அத்துணையை அளித்தார். மனிதர்க்கும் விலங்குகளுக்கும் இடையேயுள்ள பிணைப்பை ஆராய்வதில் முன்னோடியாக விளங்கியவர் அவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிக்கிப் போர்க்கைதியாக வாழ்ந்தவரும் ஆவார். முள்வேலிக்குள் வாழ்வது எத்தகையது என்பதை அவர் நூல்களிலிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை.

இவ்விருவர் முயற்சியால் 1981ஆம் ஆண்டில், வாஷிங்டன் மாநிலத்தில் கிக் ஹார்பர் என்னும் ஊருக்கருகே உள்ள பெண்கள் சிறையில் இப்பணி தொடங்கிற்று. வாஷிங்டன் என்றவுடன் அமெரிக்கத் தலைநகரை எண்ணிவிட வேண்டா. இது நாட்டின் வடமேற்கு மூலையில், பசிபிக் கடலை ஒட்டியுள்ள மாநிலமாகும். காப்பகங்களிலிருந்து நாய்கள் சிறைக்குக் கொண்டுவரப்பட்டன. பெண் கைதிகள் அவற்றைப் பழக்கினர். கூர்மதியும் அமைதியும் உடைய நாய்கள், உடல் ஊனமுற்றோர்க்கு உதவி புரியும் பயிற்சி பெற்றன. கீழே விழுந்த பொருளை எடுத்துத் தருதல், கதவைத் திறத்தல், விளக்கை ஏற்றுதல் போன்ற பணிகளை அவை கற்றன. மற்ற நாய்கள் இல்லங்களில் வளர்வதற்கு ஏற்ற ஒழுங்கைக் கற்றுக்கொண்டு வெளியேறின. பிற்காலத்தில் அச்சிறைக்குள்ளேயே, ஊரார் தம் நாய்களைச் சில நாள் விட்டுச் செல்வதற்கும், நீராட்டி முடி திருத்துவதற்கும் ஏற்ற நிலையம் ஒன்றும் அமைந்தது. அதனால் அப்பெண்கள் விடுதலைக்குப் பின் பிழைப்பதற்குரிய தொழில் ஒன்றையும் கற்க முடிந்தது.

நல்ல விதை பல நிலங்களிலும் முளைத்தது. ஆரெகன் மாநிலத்தில், குற்றம் புரிந்த இளைஞர்களைத் திருத்தும் மக்லாரன் நிலையத்தில் 1993ஆம் ஆண்டு இத்தகைய பணி தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கியவர், அந்நிலையப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியராக இருந்த ஜோன் டால்ட்டன் அம்மையார். ஓர் ஆசிரியரின் கண்ணுக்கு இம்முயற்சி ஒரு பாடசாலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. நியூயார்க் மாநிலத்தில் 1997-இல் தொடங்கிய இயக்கம், கண்பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களாக்கக் குட்டிகளைச் சிறையில் வளர்த்தது. ஜப்பானில் ஷிமானே மாவட்டத்துச் சிறை ஒன்றிலும் 2009 முதல் வழிகாட்டி நாய்க்குட்டிகள் வளர்க்கப்பட்டன. மிசூரி மாநிலம் 2010-இல் தன் சிறைகளில் காப்பக நாய்களைப் பழக்கும் திட்டத்தை ஏற்படுத்தி, அதற்கு 'நாய்க்குட்டிகளுக்கு நன்னடத்தை விடுதலை' என்னும் பொருள்படப் பெயரிட்டது. நகைச்சுவை போலத் தோன்றினும் அப்பெயரில் உண்மை உண்டு. பயிற்சி முடிந்தால் நாய்க்குக் கிடைப்பது விடுதலையே.

இப்பள்ளி எவ்வாறு நடைபெறுகிறது? எல்லாக் கைதிகளும் இதில் சேர்க்கப்படுவதில்லை. நன்னடத்தை உடையோரே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். விலங்குகளைத் துன்புறுத்திய குற்றம் உடையோர் பல இடங்களில் விலக்கப்படுகின்றனர். வெளியிலிருந்து தேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் குறித்த நாள்களில் வந்து பாடம் கற்பிக்கிறார். எஞ்சிய நேரமெல்லாம் நாய் கைதியின் பொறுப்பு. பல சிறைகளில் நாய் அவருடைய அறையிலேயே, கட்டிலருகே கூட்டில் உறங்குகிறது. விடியலில் அதனை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும், உணவிட வேண்டும், மயிரைச் சீவ வேண்டும், அது செய்யும் அசுத்தத்தைத் தாமே துடைக்க வேண்டும். நாள்தோறும் நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுவதும் உண்டு. எழுத்து வாசனை குறைந்தோர் சிலர் இதன் பொருட்டே எழுதப் பழகுகின்றனர்.

இங்கே கற்பிக்கும் முறை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அமெரிக்க உளநூலறிஞர் தார்ண்டைக், பூனைகளைக் கூண்டில் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறந்து வெளிவரக் கற்கும் வகையை ஆராய்ந்து 1898-இல் வெளியிட்டார். இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும். அவ்விளைவைத் தராத செயல் மறையும் என்பது அவர் கண்ட உண்மை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் இதனை 'விளைவு விதி' என்று பயில்கிறோம். ஸ்கின்னர் என்னும் அறிஞர் இதனை மேலும் விரித்தார். விலங்குகளுக்குக் கற்பிப்பது எவ்வாறு என்று பொதுமக்களுக்காக 1951-இல் அவர் எழுதிய கட்டுரையில், 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு விளையாட்டுக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டார். இக்காலத்தில் நாய்ப் பயிற்சியாளர் பலர் கையில் வைத்திருப்பது அத்தகைய கருவியையே.

அதன் பயன் யாது? நாய்க்குப் பாராட்டு உரிய நொடியில் கிடைக்க வேண்டும். நாய் உட்கார்ந்தபின், நாம் பையில் கைவிட்டுத் தின்பண்டத்தை எடுப்பதற்குள் அது எழுந்து குரைத்திருக்கும். அப்பொழுது தின்பண்டம் கொடுத்தால், குரைத்தமைக்காகவே கொடுத்ததாக அது கொள்ளும். ஆகவே உட்கார்ந்த அக்கணமே கிளிக் ஒலி எழுப்பி, பின்னர்த் தின்பண்டம் தருகின்றனர். ஒலி, 'நீ இப்போது செய்ததே சரி' என்று பொருள் தருகிறது.

உட்காரக் கற்பிக்கும் முறையைக் கேளுங்கள். தின்பண்டத்தை நாயின் மூக்கிற்கு மேலே பிடித்து, மெல்லப் பின்புறமாக நகர்த்த வேண்டும். அதனை நோக்கித் தலை உயரும்போது பின்னுடல் தானே தாழ்ந்து தரையில் படியும். முதுகை அழுத்த வேண்டியதில்லை, அதட்ட வேண்டியதில்லை. பலமுறை இவ்வாறு செய்தபின்னரே 'உட்கார்' என்னும் சொல்லைச் சேர்க்கின்றனர். செயல் முன்னே, சொல் பின்னே. கயிற்றை இழுத்து ஓடும் நாய்க்கு மருந்து இன்னும் எளியது. அது இழுத்தவுடன் பிடித்திருப்பவர் நின்றுவிடுகிறார்; கயிறு தளர்ந்தவுடன் நடக்கிறார். இழுத்தால் வழி அடையும், தளர்த்தினால் வழி திறக்கும் என்பதை நாய் கண்டுகொள்கிறது. ஆளின் மேல் தாவினால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது தட்டிக்கொடுக்கிறார்.

'இரு' என்றால் இருந்த இடத்திலேயே இருக்கக் கற்பிப்பது இவற்றினும் கடினம். அதில் மூன்று பாடங்கள் அடங்கியுள்ளன: நெடுநேரம் இருத்தல், தொலைவில் நிற்பவர் சொற்படி இருத்தல், கவனத்தைக் கலைப்பவற்றிற்கு இடையே இருத்தல். மூன்றையும் ஒரே நாளில் கற்பிக்க முயல்பவர் தோற்பார். முதலில் மூன்று நொடி, பிறகு ஐந்து, பிறகு பத்து. அதன் பின் ஓரடி விலகுதல், ஈரடி விலகுதல் என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். நாய் தவறினால், படி மிக உயரமாக இருந்தது என்று கொண்டு ஒரு படி இறங்கித் தொடங்க வேண்டும். கணிதமும் இலக்கணமும் கற்பிப்போர் இவ்விதியை நினைவிற் கொண்டால், 'மந்தம்' என்று ஒதுக்கப்படும் மாணவர் பலர் தேறுவர் என்பது என் எண்ணம்.

அஞ்சிய நாயைத் தேற்றுவது தனிக் கலை. அடிபட்டு வளர்ந்த நாய் கட்டிலின் அடியில் புகுந்துகொண்டு வெளிவர மறுக்கும். அதனை இழுத்தால் கடிக்கும். கொஞ்சினாலும் மேலும் பதுங்கும். கைதி தரையில் அமர்ந்து, அதன் கண்ணை நேரே நோக்காமல், பக்கவாட்டில் திரும்பியபடி இருக்கிறார். சற்றுத் தொலைவில் உணவை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அது ஒரு நாளில் நடக்கலாம். ஒரு வாரமும் ஆகலாம். நாய் தானாக வந்து கையை முகரும் வரையில் அவர் கையை நீட்டுவதில்லை. எவரையும் நம்பாமல் வாழ்ந்து பழகிய ஒருவர், தம்மை நம்புவதற்கு அஞ்சும் ஓர் உயிர்க்காக இவ்வாறு காத்திருக்கிறார். நாயின் அச்சம் அவருக்கு எளிதில் விளங்குகிறது. அதனைப் போக்கும் வழியையோ அவர் அப்போதுதான் கற்கிறார்.

பயிற்சி நிறைவெய்தியதை அறியப் பல சிறைகளில் தேர்வு உண்டு. அமெரிக்க நாய்க்கழகம் 1989-இல் ஏற்படுத்திய 'நற்குடி நாய்' என்னும் தேர்வில் பத்து உறுப்புகள் உள்ளன. அயலார் நெருங்கும்போது அமைதியாக இருத்தல், தட்டிக்கொடுக்க உடன்படுதல், கூட்டத்தினிடையே நடத்தல், அழைத்தவுடன் வருதல், மற்றொரு நாயைக் கண்டு பதறாதிருத்தல், வளர்ப்பவர் மறைந்திருக்கும் சிறிது நேரம் அமைதி காத்தல் முதலியன அவற்றுள் சில. சிறையில் வளர்ந்த நாய்க்கு வேறொரு குறையும் உண்டு. இரும்புக் கதவின் ஓசைக்கு அது அஞ்சாது. ஆனால் வீதியில் ஓடும் மோட்டார் வண்டியையும், தவழும் குழந்தையையும், வீட்டு வாயில் மணியையும் அது அறியாது. ஆகையால் நியூயார்க் இயக்கத்தைச் சேர்ந்த ஊர்த் தொண்டர்கள் குட்டிகளை வார இறுதியில் தம் இல்லங்களுக்கு அழைத்துச் சென்று வெளியுலகை அறிமுகப்படுத்துகின்றனர். குட்டி கைதியைவிட முன்னதாகவே உலகைக் கண்டு திரும்புகிறது.

நாய் கற்கும் பாடங்கள் இவை. கற்பிக்கும் கைதி எதனைக் கற்கிறார்? சினம் கொண்ட நிலையில் நாயைப் பழக்க முடியாது என்பதை முதல் வாரத்திலேயே அவர் காண்கிறார். குரலில் கடுமை ஏறியவுடன் நாய் கற்பதை நிறுத்திவிடுகிறது. அவரைச் சிறைக்குக் கொண்டுவந்த சினத்தை அடக்கும்படி நீதிபதி சொன்னார், காவலர் சொன்னார், அவர் கேட்கவில்லை. இப்போது அதே பாடத்தை, வாலைத் தாழ்த்திக்கொண்டு விலகும் ஒரு நாய் கற்பிக்கிறது. மேலும் அந்நாய் அவர் செய்த குற்றத்தை அறியாது. அன்று காலையில் உணவிட்டாரா, மென்மையாக நடத்தினாரா என்பதையே அது அறியும். அந்த ஒரு கணக்கிலேயே அவர் நல்லவராகவோ தீயவராகவோ ஆகிறார். வாழ்வில் பலர்க்கு இத்தகைய புதிய கணக்கு ஒருமுறையேனும் தொடங்கப்படுவதில்லை.

எல்லாவற்றினும் கடினமான பாடம் இறுதியில் வருகிறது. சில வாரங்களோ சில மாதங்களோ கழிந்தபின், நாயை வளர்க்க விரும்பும் குடும்பத்தாரிடம் அதனை ஒப்படைத்துவிட வேண்டும். உடன் உறங்கிய உயிர் வாயிலைக் கடந்து செல்ல, பழக்கியவர் உள்ளேயே நிற்க வேண்டும். அழுகையை அடக்க இயலாதோர் உண்டு. ஆயினும் அந்நாய்க்குப் பிடித்த உணவு இது, அதன் அச்சம் இது, அதனை அழைக்கும் முறை இது என்று புதிய வீட்டாருக்குக் குறிப்பு எழுதித் தருவோர் உண்டு. பிறர் பொருளைத் தமதாக்கிக்கொண்ட குற்றத்திற்காகச் சிறை புகுந்தவர் ஒருவர், தம் உழைப்பால் உருவான செல்வத்தைப் பிறர்க்கு மனமுவந்து தருவதற்கு இங்கே பழகுகிறார். மறுநாள் காலையில் மற்றொரு நாய் வருகிறது. பாடம் முதலிலிருந்து தொடங்குகிறது.

இத்திட்டத்திற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். குற்றத்தால் துன்புற்றவர் கண்ணீர் வடிக்கும்போது, குற்றம் புரிந்தவர்க்கு நாயோடு விளையாடும் இன்பம் தகுமா என்று அவர்கள் கேட்கின்றனர். அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. தண்டனைக் காலத்தில் ஒரு நாளையும் இத்திட்டம் தானாகக் குறைத்துவிடுவதில்லை என்பதையும், பெரும்பாலான கைதிகள் என்றேனும் ஒருநாள் வெளியே வரவேண்டியவர்களே என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பக்கத்து வீட்டில் வந்து குடியேறப் போகிறவர் பொறுமை கற்றவராக வருவது நல்லதா, கல்லாதவராக வருவது நல்லதா?

மற்றொரு மறுப்பு அறிவியல் சார்ந்தது. நாய் பழக்கியோருள் மீண்டும் குற்றம் புரிந்து சிறைக்கு வருவோர் குறைவு என்று ஆய்வுகள் சில கூறுகின்றன. ஆனால் அவர்கள் தொடக்கத்திலேயே நன்னடத்தை நோக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லவா? அவர்கள் நாய் இல்லாமலே திருந்தியிருக்கவும் கூடும். காரணமும் காரியமும் இன்னவை என்று துணிவதற்கு, ஒத்த இயல்புடைய இரு குழுவினரை ஒப்பிட்டு நெடுங்காலம் ஆராய வேண்டும். கல்லூரி மாணவர்கள் எப்புள்ளிவிவரத்தைக் கண்டாலும் இக்கேள்வியை எழுப்பப் பழக வேண்டும். நல்ல செயலைப் புகழும் ஆர்வத்தால் அளவுக்கு மிஞ்சிய முடிவுகளைக் கூறுதல் அச்செயலுக்கே தீங்காக முடியும். எனினும் ஒன்று ஐயத்திற்கு இடமில்லாதது. கொல்லப்படுவதற்குக் காத்திருந்த ஆயிரக்கணக்கான நாய்கள் இன்று வீடுகளில் வாழ்கின்றன. அவற்றைக் காத்தவர்கள் எதற்கும் உதவாதவர் என்று சமுதாயம் ஒதுக்கியவர்கள்.

மாணவ நண்பர்களே! தொடக்கத்தில் கூறிய பழமொழிகளை மீண்டும் நினைத்துப் பாருங்கள். நாயின் வால் வளைந்திருப்பது அதன் உடலமைப்பு. அதனை நிமிர்த்த வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை. திருத்த வேண்டியது நடத்தை, அது திருந்தக்கூடியது. அடித்தால்தான் படியும் என்று நம்பினோர், அடியாமல் படிய வைக்க வேண்டிய காலத்தைச் செலவிட விரும்பாதவர்கள். சகோதரி பாலின் குவின் 2020-இல் மறைந்தார். அவர் தொடங்கி வைத்த பணி அவர் வாழ்நாளிலேயே பல மாநிலங்களுக்கும் பல நாடுகளுக்கும் பரவியிருந்தது.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள், சிலர் வழக்கறிஞராவீர்கள், சிலர் சிறைத்துறை அதிகாரிகளாகவும் ஆகக்கூடும். 'இவன் தேறமாட்டான்' என்று ஒருவனைப் பற்றி முடிவெழுத உங்கள் கையில் பேனா இருக்கும் நாள் வரும். அன்று எழுதுவதற்கு முன், இவனிடம் எவரேனும் எதையேனும் நம்பி ஒப்படைத்தது உண்டா என்று கேளுங்கள். இல்லை என்பது விடையாயின், முதலில் ஒரு சிறு பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். உங்கள் முடிவைப் பின்னர் எழுதிக்கொள்ளலாம்.